பிஸ்டனுக்கு வாய்த்த லோகம்

திண்டுக்கல்லிலிருந்து வடக்கே கரூருக்குச் செல்லும் சாலையில், குடகனாற்றின் கரையில் இருக்கும் வேடசந்தூரும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களும் மழையை மட்டும் நம்பிப் பிழைக்க முடியாத செம்மண் பூமியைச் சேர்ந்தவை. இங்கே புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைவதெல்லாம் கிணற்றுத் தண்ணீரின் தயவால்தான். 1948ஆம் வருஷத்தில் புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஒன்று இவ்வூருக்கு வந்ததும் அந்த இறவைச் சாகுபடியை முன்னிட்டே ஆகும். கவலையில் மாடு பூட்டி, தோல் சாலில் நீர் முகந்து, விடியற்காலம் தொட்டு உச்சிப் பொழுது வரை முன்னும் பின்னுமாக நடந்து இறைத்த குடியானவன், அந்த மாட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டுக் கிணற்று மேட்டில் ஓர் ஆயில் எஞ்சினை நிறுத்திய நாளில், மோட்டார்க் காருக்கு உயிர்நிலையாக இருக்கும் அதே உறுப்பைத் தன் வயலுக்குக் கொண்டுவந்து சேர்த்தான். உருளைக்குள் மேலும் கீழும் ஓடி, எரியும் எண்ணெயின் வேகத்தைச் சக்கரத்தின் சுழற்சியாக மாற்றித் தரும் பிஸ்டனே அந்த உறுப்பு. ஆனால் கிணற்று எஞ்சினுக்குள் இருந்த பிஸ்டனும் காருக்குள் இருந்த பிஸ்டனும் ஒரே லோகத்தினால் செய்யப்பட்டவை அல்ல. அந்த வேற்றுமைக்குள் ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் அடங்கியிருக்கிறது.

ஆதியில் பிஸ்டனுக்குத் துணையாக இருந்தது தோல் என்பதைத் திண்டுக்கல் சீமையைச் சேர்ந்தவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். தோல் பதனிடுவது இந்நகரத்தின் பழைய தொழில்களில் ஒன்றல்லவா? 1712ஆம் ஆண்டில் நியூகோமன் என்னும் ஆங்கிலேயர் சுரங்கத்து நீரை இறைப்பதற்காக நிறுவிய நீராவி யந்திரத்தில், உருளைக்கும் பிஸ்டனுக்கும் இடையே இருந்த சந்தை அடைப்பதற்குத் தோல் வட்டம் ஒன்றை வைத்து, அதன்மேல் தண்ணீரும் ஊற்றி நிறுத்தினார்கள். அக்காலத்தில் உருளையை ஒரே சீராகக் குடையத் தெரியாது. ஆகையால் வளைந்துகொடுக்கும் பதார்த்தம் எதுவோ அதுவே பிஸ்டனுக்கு ஏற்றது என்று கொள்ளப்பட்டது. ஜேம்ஸ் வாட் சணல் கயிற்றைக் கொழுப்பில் தோய்த்துச் சுற்றினார். பீரங்கிக் குழாய் துளைப்பதில் தேர்ந்த வில்கின்ஸன் தம்முடைய துளைக்கும் யந்திரத்தை 1770களில் நீராவி உருளைக்குத் திருப்பிய பிறகுதான் வட்டம் வட்டமாயிற்று. உலோகம் உலோகத்தின்மீது ஓடலாம் என்ற தைரியம் பிறந்தது. 1850களில் ராம்ஸ்பாட்டம் என்ற ரயில்வே எஞ்சினியர், ஓரிடத்தில் வெட்டிவிட்ட உலோக வளையத்தைப் பிஸ்டனின் பள்ளத்தில் பொருத்தி, அது தன் சொந்த விறைப்பினாலேயே உருளையைத் தழுவி நிற்கும்படி செய்தார். இன்று மெக்கானிக்குகள் சர்வசாதாரணமாக 'ரிங்' என்று சொல்வது அதுதான். தோல் அத்துடன் மறைந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். 1970களில் இந்தியா மார்க் இரண்டு என்னும் கைப்பம்பு உருவாகி, கோயம்புத்தூர்ப் பக்கத்தில் பரீட்சை பார்க்கப்பட்டு, நாட்டின் வறண்ட கிராமங்களில் எல்லாம் நாட்டப்பட்டபோது, அதன் பிஸ்டனில் தோல் வாசரே இருந்தது. ரப்பர் வாசர் அதன் இடத்தைப் பிடித்தது பிற்பாடுதான்.

நீராவியின் காலத்திலும், 1876ஆம் ஆண்டில் ஆட்டோ என்ற ஜெர்மானியர் தமது நான்கு வீச்சு எஞ்சினை ஓட்டிக் காட்டியபோதும், பிஸ்டன் என்றால் வார்ப்பிரும்பு என்பதே சம்பிரதாயம். வார்ப்பிரும்பு மலிவானது, வார்க்க எளிது, உள்ளே கலந்திருக்கும் கரித்துணுக்குகள் தாமே ஓரளவு மசகாக உதவும், உருளையும் அதே லோகமாதலால் சூடேறும்போது இரண்டும் ஒன்றுபோல் விரியும். சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனியைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903ஆம் ஆண்டில் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிய காலத்திலும், 1908இல் அமெரிக்காவில் போர்டு கம்பெனி தன் 'மாடல் டி' காரை வெளியிட்டபோதும், இதற்கு மாறான யோசனை யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை.

இந்த இடத்தில் ஆல்ப்ரெட் சாட்டர்ட்டன் என்பவரைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லியாக வேண்டும். சென்னை எஞ்சினியரிங் கல்லூரியில் ஆசிரியராக வந்த இவர், 1898ஆம் ஆண்டில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலை ஆரம்பித்து வைத்தார். பித்தளைக்கும் செம்புக்கும் பழகிய கன்னார்களின் கையில் இந்த வெள்ளை லோகத்தைக் கொடுத்து, அதை அடிக்கவும் நீட்டவும் பழக்கி, லாபம் தரும் தொழிலாகவே நிலைநிறுத்தி, 1903இல் ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தார். அதே மனிதர்தாம், இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், சென்னை ராஜதானியின் கிணறுகளில் ஆயில் எஞ்சினை வைத்து நீர் இறைக்கலாம் என்று வாதாடி, பரீட்சைகள் நடத்தி, மிராசுதாரர்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர். அரசாங்கம் தொழில் நடத்தலாகாது என்று லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி பிரபு 1910இல் தடை சொல்லாதிருந்தால் இவர் இன்னும் என்னென்ன செய்திருப்பாரோ! எனக்கு வியப்பாக இருப்பது வேறொரு விஷயம். தமிழ்நாட்டு அடுப்படிக்கு அலுமினியத்தையும், தமிழ்நாட்டுக் கிணற்றடிக்கு இரும்புப் பிஸ்டனையும் ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே கையால் கொண்டுவந்த அந்த எஞ்சினியருக்கு, ஒன்று மற்றொன்றின் ஸ்தானத்தைப் பிடிக்கக்கூடும் என்று எண்ணுவதற்கு அன்று காரணமே இருக்கவில்லை. சோறு வடிக்கும் பாத்திரம் ஆகிற மெல்லிய லோகத்தைத் தீயும் அழுத்தமும் சேர்ந்து தாக்குகிற உருளைக்குள் வைப்பதென்பது அக்காலத்து நியாயத்துக்கு ஒவ்வாத காரியம்.

அந்த நியாயத்தை மீறும்படி செய்தது வேகம். கிணற்று மேட்டில் நின்ற லிஸ்டர் போன்ற எஞ்சின் நிமிஷத்துக்கு 650 சுற்று சுற்றும். கனத்த சக்கரம் இரண்டு பக்கமும் அசைந்தாட, நிதானமாக, ஊருக்கே கேட்கும்படி அடித்துக்கொண்டு நிற்கும். அதன் நாலரை அங்குலப் பிஸ்டன் வார்ப்பிரும்பாக இருப்பதில் ஒரு தோஷமும் இல்லை. காரின் எஞ்சினோ 4,000 சுற்றுக்குப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் இரண்டு தடவை முழுவதும் நின்று, திசை மாறி, மறுபடியும் பாய வேண்டியிருப்பதால், 4,000 சுற்றில் செகண்டுக்கு நூற்று முப்பது தடவைக்கு மேல் அது நின்று புறப்படுகிறது. அப்படி நிறுத்துவதற்கும் கிளப்புவதற்கும் ஆகும் பலம் பிஸ்டனின் எடைக்கு ஏற்றபடியும், வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடியும் பெருகுகிறது. ஒரே எடையும் ஒரே வீச்சும் உள்ள பிஸ்டனை 650இலிருந்து 4,000 சுற்றுக்கு ஏற்றினால், கனெக்டிங் ராடையும் பேரிங்கையும் இழுக்கும் பலம் ஆறு மடங்கல்ல, சுமார் முப்பத்தெட்டு மடங்காகிவிடும். இரும்பின் அடர்த்தி தண்ணீரைப் போல் ஏழு மடங்குக்குச் சற்று மேல்; அலுமினியத்துடையதோ 2.7 மடங்கு. அதற்கு மேலும் ஒரு நன்மை உண்டு. அலுமினியக் கலப்பு லோகம் வார்ப்பிரும்பைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு விரைவாக உஷ்ணத்தைக் கடத்திவிடும். தலை குளிர்ந்திருந்தால் பெட்ரோல் கலவையை இன்னும் இறுக்கி அமுக்கலாம். அமுக்கினால் அதே எஞ்சினில் கூடுதலான சக்தி கிடைக்கும்.

இந்த உண்மையை ஒரு காகிதக் கனத்தைக் கொண்டு கண்டுகொண்டவர் பென்ட்லி என்ற ஆங்கிலேயர். 1913ஆம் ஆண்டில், தாம் விற்றுவந்த பிரெஞ்சுக் காரின் தொழிற்சாலைக்குப் போனபோது, அங்கே மேஜைமேல் காகிதம் பறக்காமல் இருக்க வைத்திருந்த சிறிய அலுமினியப் பிஸ்டன் பொம்மையைக் கையில் எடுத்துப் பார்த்தார். விளையாட்டுக்காகச் செய்ததை வினைக்காகச் செய்தால் என்ன என்று கேட்டு, நூற்றுக்கு 88 பங்கு அலுமினியமும் 12 பங்கு செம்பும் கலந்த பிஸ்டன்களை வார்ப்பித்துப் பந்தயத்தில் ஓட்டி ஜயித்தார். இத்தாலியிலும் அதே சமயத்தில் சிலர் இதைச் செய்து பார்த்திருந்தனர். மறு வருஷம் மூண்ட யுத்தத்தில், இந்த ரகசியம் பந்தய மைதானத்தை விட்டு ஆகாய விமானத்துக்குப் போயிற்று. எடையைக் கணக்கிட்டே உயிர் பிழைக்கும் விமானத்துக்கு இதைவிட உகந்த லோகம் ஏது? யுத்தத்தின் அவசரத்தில் இங்கிலாந்தின் தேசியப் பௌதிக ஆராய்ச்சிக்கூடத்தில் நூற்றுக்கு 4 பங்கு செம்பும் 2 பங்கு நிக்கலும் 1.5 பங்கு மக்னீஷியமும் சேர்ந்த 'ஒய் அலாய்' பிறந்தது; சூட்டிலும் வலிமை குன்றாதிருப்பதே அதன் விசேஷம்.

ஆயினும் யுத்தம் முடிந்து சாமானியர்களின் காருக்கு அலுமினியம் இறங்கி வந்தபோது ஒரு பழைய பகை குறுக்கே நின்றது. இரும்பைவிட அலுமினியம் இருமடங்கு விரிகிறது. ஒரு கணக்கைப் பாருங்கள்: நம் நாட்டுச் சாலைகளை நாற்பது ஐம்பது வருஷம் ஆண்ட அம்பாஸடர் காரின் 1,489 சி.சி. எஞ்சினில் உருளையின் விட்டம் ஏறத்தாழ 73 மில்லிமீட்டர். பிஸ்டனின் சூடு 200 டிகிரி ஏறினால், வார்ப்பிரும்பு 0.16 மில்லிமீட்டர் விரியும். வெறும் அலுமினியமோ 0.33 மில்லிமீட்டர் விரியும். அந்த விரிவுக்கு இடம் விட்டுப் பொருத்தினால், காலையில் வண்டியைக் கிளப்பும்போது பிஸ்டன் உருளைக்குள் ஆடி 'டக் டக்' என்று தட்டும். இடம் விடாமல் பொருத்தினாலோ, சூடேறியதும் இறுகி நின்றுவிடும். 'எஞ்சின் பிடிச்சிருச்சு' என்று டிரைவர் சாலையோரத்தில் தலையில் கை வைத்து உட்காருவது இந்த அரை மில்லிமீட்டருக்குள் நடக்கும் தகராறினால்தான். இதைச் சமாளிக்கப் பல உபாயங்களைக் கையாண்டார்கள். பாவாடையைப் போல் கீழே தொங்கும் ஸ்கர்ட் பாகத்தில் நெடுக வெட்டு விட்டார்கள். உஷ்ணத்தில் விரியாத நிக்கல் இரும்புப் பட்டையை உள்ளே புதைத்து வார்த்தார்கள். பிஸ்டனைச் சரிவட்டமாகக் கடையாமல், நீள்வட்டமாகவும், தலைப்பக்கம் சிறுத்தும் கடைந்து, சூட்டில் தானே வட்டமாகும்படி செய்தார்கள். இந்தக் கடைசி உபாயம் இன்றைக்கும் இருக்கிறது. கையில் புதுப் பிஸ்டனைப் பிடித்துப் பார்த்தால் கண்ணுக்கு வட்டமாகத் தோன்றும். மைக்ரோமீட்டர்தான் உண்மை சொல்லும்.

இவற்றையெல்லாம்விட நிலைத்த தீர்வு மணலின் மூலப்பொருளான சிலிக்கானிலிருந்து கிடைத்தது. அலுமினியத்துடன் நூற்றுக்கு 12 பங்கு சிலிக்கான் சேர்ந்தால் அந்தக் கலவை எளிதில் உருகி, அச்சின் மூலைமுடுக்கெல்லாம் ஓடி நிறையும்; விரிவு குறையும்; கடினமான சிலிக்கான் துகள்கள் தேய்மானத்தையும் தடுக்கும். ஆனால் அத்துகள்கள் பெரிய தகடுகளாக உறைந்து லோகத்தை நொறுங்கச் செய்வது வழக்கம். 1920ஆம் ஆண்டில் ஆலதார் பாட்ஸ் என்ற ஹங்கேரியர், உருகிய குழம்பில் சோடியம் உப்பைச் சிறிது சேர்த்தால் அவை நுண்ணியனவாக உறையும் என்று காட்டினார். அதனுடன் செம்பும் மக்னீஷியமும் நிக்கலும் ஏறக்குறைய ஒவ்வொரு பங்கு கூட்டி, 'லோ எக்ஸ்' என்ற, விரிவு குறைந்த கலப்பு லோகத்தை உண்டாக்கினார்கள். உலகத்தில் தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் சாதாரணக் கார்களில் மிகப் பெரும்பாலானவற்றின் பிஸ்டன் இன்றுவரை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

நம் பக்கத்துக்கு இந்தப் பிஸ்டன்கள் முதலில் வந்தவை பெட்டியில் அடைத்து, கப்பலில்தான். மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் ஸ்தாபித்த கம்பெனியின் பஸ்களும், மற்றச் சிறு முதலாளிகளின் பஸ்களும் ஓடியது அன்னிய நாட்டு எஞ்சின்களாலே. இரண்டாவது யுத்தத்தில் கப்பலும் நின்று பெட்ரோலும் ரேஷனில் போன சமயத்தில், டி.வி.எஸ். கம்பெனி கரிவாயு உண்டாக்கும் அடுப்பைத் தானே செய்து பஸ்களின் பின்புறம் மாட்டியது. கரிவாயு பஸ்ஸை ஓட்டியது. ஆனால் அதனுடன் வந்த சாம்பல் தூளும் கீலும் பிஸ்டனையும் ரிங்கையும் உருளையையும் அரம்போல் அராவின. மாற்றுவதற்குப் புதுப் பிஸ்டன் இல்லாத காலத்தில் பிஸ்டன் தேய்ந்துகொண்டே போன அந்த ஆண்டுகள், இதை இங்கேயே செய்தாக வேண்டும் என்ற பாடத்தைப் போதித்திருக்கும் என்பது என் அபிப்பிராயம்.

ஆழ்வார்திருநகரியில் பிறந்து, 1930களில் சிம்ப்ஸன் கம்பெனியில் சேர்ந்து, பிறகு அதன் தலைவராகிய எஸ். அனந்தராமகிருஷ்ணன் 1949ஆம் ஆண்டில் சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் கம்பெனியை ஸ்தாபித்தார். காலத்தைக் கவனிக்க வேண்டும். 1948இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தோன்றியது. வண்டலூர்ப் பக்கத்தில் ஸ்டாண்டர்ட் கார்களும் வரத் தொடங்கின. ஆனாலும் அவையெல்லாம் அன்னிய உறுப்புகளைப் பூட்டும் வேலையாகவே ஆரம்பித்தவை. இங்கேயே தயாரிக்கும் திட்டம் இல்லாதவர்களுக்கு இடமில்லை என்று 1953ஆம் ஆண்டில் சர்க்கார் தீர்மானித்ததும், ஜெனரல் மோட்டார்ஸ் தன் பம்பாய்ப் பட்டறையை மூடிக்கொண்டு போயிற்று. முழுக் காரைச் செய்யும் உத்தேசம் பலருக்கு இருந்த சமயத்தில், காரின் கருவறைக்குள் இருக்கும், அடிக்கடி தேய்ந்து அடிக்கடி வேண்டியிருக்கும் உறுப்பை முதலில் செய்யத் துணிந்தது வியாபார புத்தி என்று மட்டும் சொல்வதற்கில்லை. வரிசையறிந்த அறிவு அது. லோகத்துக்கும் அதிக தூரம் போக வேண்டியிருக்கவில்லை. 1943இலேயே ஆலுவாயில் அலுமினியம் உருக்கத் தொடங்கியிருந்தார்கள். 1965இல் மேட்டூரில் மால்கோ கம்பெனி, ஏற்காடு, கொல்லிமலைப் பக்கத்துப் பாக்ஸைட்டைக் கொண்டு தமிழ்நாட்டு மண்ணிலிருந்தே அலுமினியத்தை எடுத்தது. சாட்டர்ட்டன் காலத்தில் வெவ்வேறு வாசல் வழியாக நுழைந்த அலுமினியமும் பிஸ்டனும் ஒரே கூரையின்கீழ்ச் சந்தித்தது இப்படித்தான்.

பிஸ்டன் வார்ப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் நின்று பார்ப்பது நல்லது. மணலச்சு இதற்கு உதவாது. பல துண்டுகளாகப் பிரியும் இரும்பு அச்சுக்குள், 700 டிகிரிக்கு மேல் உருகிய குழம்பை ஊற்றி, உறைந்ததும் அச்சின் நடுக் கருவைத் துண்டு துண்டாக உருவி எடுக்கிறார்கள். இதில் சென்னையின் ஐப்பசி மாதம் ஒரு சத்துரு. ஈரக்காற்றிலிருந்து ஹைட்ரஜன் வாயுவை உருகிய அலுமினியம் குடித்துவிடும். உறையும்போது அதை வெளியே விடமுடியாமல் ஊசித் துளைகளாக உள்ளேயே வைத்துக்கொள்ளும். அந்தத் துளை பிஸ்டனின் தலையில் அமைந்துவிட்டால், அங்கேதான் ஒருநாள் விரிசல் பிறக்கும். ஆகவே வார்ப்பதற்கு முன்னால் குழம்புக்குள் வாயுவைச் செலுத்தியோ, மாத்திரையை அமிழ்த்தியோ ஹைட்ரஜனைக் கிளப்பி விடுகிறார்கள். அப்புறம் சூட்டில் வைத்துப் பதப்படுத்தி, நீள்வட்டமாகக் கடைந்து, பிஸ்டனைக் கனெக்டிங் ராடுடன் கோக்கும் கஜான் பின்னின் துளையைக் கண்ணாடிபோல் மெருகிட்டு, ஸ்கர்ட்டுக்கு வெள்ளீயப் பூச்சோ, பிற்காலத்தில் கிராபைட்டுப் பூச்சோ கொடுத்து அனுப்புகிறார்கள். டீசல் எஞ்சினுக்கு இன்னொரு வேலையும் உண்டு. முதல் ரிங் உட்காரும் பள்ளம் டீசலின் சூட்டிலும் அடியிலும் சீக்கிரம் தேய்ந்து அகன்றுவிடுமாதலால், நிக்கல் கலந்த வார்ப்பிரும்பு வளையம் ஒன்றை உருகிய அலுமினியத்தில் தோய்த்துப் பிடிப்பேற்றி, அச்சுக்குள் வைத்து, அதைச் சுற்றிப் பிஸ்டனை வார்க்கிறார்கள். விலக்கப்பட்ட இரும்பு இப்படி மோதிரமாக உள்ளே திரும்பி வந்தது.

இந்தப் பிஸ்டன்களை வேடசந்தூர்க்காரர்கள் கண்ணால் கண்ட இடம் திண்டுக்கல்லின் லேத் பட்டறைகளே. காரானாலும் லாரியானாலும் நீலப் புகை தள்ளத் தொடங்கினால், ஹெட்டை இறக்கி, உருளையின் போரை அளந்து, 'பத்தா இருபதா' என்று கேட்பார்கள். உருளை தேய்ந்த அளவுக்கு மேல் குடைந்து, அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கோ இருபது பங்கோ பெரிதான பிஸ்டனைப் போடுவதற்குத்தான் ரீபோர் என்று பெயர். நாற்பதையும் கடந்துவிட்டால் ஸ்லீவ் இறக்கி மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். பழகிய கடைசல்காரர் பிஸ்டனைக் கஜான் பின்னுக்குக் குறுக்கே, ஸ்கர்ட்டின் அடியில் அளப்பாரே தவிர, தலையில் அளக்க மாட்டார். நீள்வட்டத்தின் பெரிய விட்டம் அங்கேதான் இருக்கிறது. தலையில் செதுக்கிய அம்புக்குறி எஞ்சினின் முன்பக்கம் பார்க்கிறதா என்று இரண்டாம் தடவை பார்த்துவிட்டுத்தான் ரிங்கை அமுக்கி உள்ளே இறக்குவார்.

கிணற்று மேட்டிலோ கதை வேறு விதமாக முடிந்தது. நிதானமாக அடித்த எஞ்சின்களின் இடத்தை 1,500 சுற்றில் ஓடும் சிறிய எஞ்சின்கள் பிடித்தபோது அவற்றுடன் அலுமினியப் பிஸ்டனும் கிராமத்துக்கு வந்து சேர்ந்தது. கனம் குறைந்தது என்று மகிழ்ந்த குடியானவனுக்கு ஒரு புதுத் தொல்லையும் வந்தது. எஞ்சினைக் குளிரவைக்க அதே கிணற்றின் உவர் நீரையே விடுவதால், உருளையைச் சுற்றிய நீர்ப்பையில் உப்புப் படிந்து, சூடு வெளியேற வழியில்லாமல் போகும். வார்ப்பிரும்புப் பிஸ்டன் அதைச் சகித்துக்கொண்டிருந்தது. இருமடங்கு விரியும் அலுமினியம் சகிக்கவில்லை. வருஷத்துக்கொரு முறை நீர்ப்பையைச் சுரண்டிக் கழுவியவர்களுக்கு எஞ்சின் உழைத்தது. மற்றவர்களுக்குப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு மின்சாரக் கம்பி வயலுக்கு வந்து, மோட்டாரும் வந்ததும், பிஸ்டனே வேண்டாமென்று ஆகிவிட்டது.

கார்த் தொழிற்சாலைகளில் இப்போது மறுபடியும் ஒரு திருப்பம் தென்படுகிறது. டீசல் எஞ்சின்களில் உருளைக்குள் அழுத்தம் ஏற ஏற, 300 டிகிரி சூட்டில் அலுமினியத்துக்கு மூச்சு வாங்குகிறது. கனரக லாரிகளில் முன்னமே எஃகுப் பிஸ்டன்கள் வந்துவிட்டன. 2014ஆம் ஆண்டில் மெர்சிடிஸ் கம்பெனி தன் டீசல் காருக்கே எஃகுப் பிஸ்டனைப் பொருத்தியது. வலிமை மிகுதியால் எஃகை மெல்லியதாகவும் குட்டையாகவும் கடைய முடிவதால், எடையின் குறை பெரும்பாலும் ஈடுசெய்யப்பட்டுவிடுகிறது. விரிவும் குறைவாதலால் அலுமினிய எஞ்சினுக்குள் சூடேறச் சூடேற உராய்வு தளர்கிறது. அத்தகைய எஞ்சின்களில் உருளைச் சுவர் வெறும் இரும்பாக இல்லாமல் மெல்லிய உலோகப் பூச்சாக இருக்கிறபடியால், குடைந்து பெரிதாக்கிப் பெரிய பிஸ்டன் போடும் பழைய வித்தைக்கு அங்கே இடமில்லை. திண்டுக்கல் பட்டறையில் 'பத்தா இருபதா' என்று கேட்கும் கடைசல்காரருக்கு, பிஸ்டன் இரும்பா அலுமினியமா என்பதைவிட இதுவே பெரிய செய்தி.